எரிகிற சூடெல்லாம் எங்கே போகிறது?

மலேசியத் தமிழர்களாகிய நமக்குக் குளிர் என்றால் கேமரன் மலைதான் நினைவுக்கு வரும். பள்ளி விடுமுறையில் ஒரு கம்பளிச் சட்டையை எடுத்துக்கொண்டு போவோம். தேயிலைத் தோட்டத்தில் நின்று படம் பிடித்துக்கொள்வோம். இரண்டு நாளில் மலையிறங்கி வந்துவிடுவோம். வீட்டைச் சூடாக்குவது என்பது நம் வாழ்க்கையில் இல்லாத ஒரு வேலை. நமக்குத் தெரிந்ததெல்லாம் குளிரூட்டியும் காற்றாடியும்தான். அப்படியிருக்க இவள் சூடேற்றியைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் கடைசிவரை படித்துவிடுங்கள். இதில் உயிர் சம்பந்தப்பட்ட செய்தி ஒன்றும் இருக்கிறது.

நான் எந்திரவியல் பொறியியல் மாணவி. 2024-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி ஒரு பருவம் கனடாவின் கால்கரி நகருக்குச் சென்றேன். என் தாய்மாமா அங்கே 1990-களில் குடியேறியவர். அத்தை மருத்துவமனையில் தாதி. மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். கனடாவுக்குப் போகுமுன் புடுராயாவிலிருந்து ஈப்போவுக்கு விரைவுப் பேருந்து ஓட்டியவர். மகனைப் பார்த்து நாளாகிவிட்டது என்று பாட்டியும் என்னோடு கிளம்பிவிட்டார். அவருக்கு வயது 76. கூடவே அவருடைய ஊறுகாய் போத்தல்களும் கிளம்பின.

மாமாவிடம் பழைய டிரெய்லர் ஒன்று இருந்தது. பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சிறிய வீடு அது. நீளம் 24 அடி. முன்பக்கம் ஒரு படுக்கையறை, நடுவில் சமையலிடம், பின்பக்கம் மேசை. மேசையை மடக்கினால் அதுவும் ஒரு கட்டிலாகிவிடும். அங்குள்ளவர்கள் விடுமுறைக்கு மலைப்பக்கம் போய் இத்தகைய வண்டியில்தான் தங்குகிறார்கள். மாமா அதை யாரிடமோ பயன்படுத்திய பொருளாக வாங்கியிருந்தார். பாட்டிக்குப் பனிமலையைக் காட்ட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

பான்ஃபில் முதல் இரவு

செப்டம்பர் கடைசி வாரம் பான்ஃப் தேசியப் பூங்காவுக்குப் புறப்பட்டோம். கால்கரியிலிருந்து மேற்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். பான்ஃப் நகரமே கடல் மட்டத்திலிருந்து 1,383 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தது. பாட்டி மகிழ்ச்சியாக இருந்தார். பொழுது சாய்ந்ததும் வெப்பநிலை மளமளவென்று இறங்கியது. நள்ளிரவில் சுழியத்திற்குக் கீழ் 4 பாகை.

டிரெய்லரில் சூடேற்றி இருந்தது. அங்கே அதை ஃபர்னஸ் என்பார்கள். புரோப்பேன் எரிவாயுவில் எரிவது. மாமா அதை முடுக்கினார். 'உஸ்' என்று விசிறி ஓடியது. எரிகிற சத்தமும் கேட்டது. சமையலிடத்தில் நின்றால் கணுக்காலில் நெருப்புக் காற்று அடித்தது. ஆனால் பாட்டி படுத்திருந்த முன்னறையில் வெப்பநிலைமானி 11 பாகைதான் காட்டியது. மூன்று போர்வைக்குள்ளிருந்து பாட்டி கேட்டார்:

"ஏண்டா, உள்ளே திகுதிகுன்னு எரியுற சத்தம் கேக்குது. என் காலு ஐஸ்கட்டி மாதிரி இருக்கு. எரியுற சூடெல்லாம் எங்கேடா போவுது?"

மாமா பதில் சொல்லவில்லை. சமையல் அடுப்பில் இரண்டு பர்னரையும் பற்றவைத்தார். "கொஞ்ச நேரம் எரியட்டும்மா, அறை சூடாயிடும்" என்றார். குளிர் உள்ளே வரக் கூடாதென்று ஜன்னல்களையும் இறுக மூடினார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. எந்திரவியல் படிக்கும் நான் அன்று ஒன்றும் சொல்லாமல் இருந்ததை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. அப்போது எனக்கும் குளிர். அடுப்பின் கதகதப்பு சுகமாக இருந்தது. தூங்கிவிட்டேன்.

விடியற்காலை மூன்று மணிக்குச் சுவரில் இருந்த ஒரு சிறு கருவி அலறியது. மாமா தூக்கக் கலக்கத்தோடு அதன் மின்கலத்தைக் கழற்றப் போனார். "பழைய சாமான், சும்மா கத்துது" என்றார். எனக்குத் தலை கனத்தது. கருவியின் மேல் எழுதியிருந்ததை அப்போதுதான் படித்தேன். அது கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி. அடுப்பை அணைத்தேன், கதவைத் திறந்தேன். பாட்டியைப் போர்வையோடு வெளியே அழைத்து வந்தோம். மீதி இரவை மூவரும் பிக்கப் வண்டிக்குள் கழித்தோம். பாட்டிக்குத் தலைவலியும் குமட்டலும் காலைவரை இருந்தன.

மறுநாள் இரவுப் பணி முடிந்து வந்த அத்தை நடந்ததைக் கேட்டதும் பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சோதித்தார். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அதன் பிறகு மாமாவை உட்காரவைத்து அத்தை பேசியது தனிக் கதை.

அடுப்பு ஏன் சூடேற்றி ஆகாது?

அடுப்பு எரிவதற்கு உயிர்வளி வேண்டும். மூடிய சிறு அறையில் அது நாம் மூச்சுவிடும் காற்றிலிருந்தே உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. எரிந்து வரும் வாயுவையும் அதே காற்றில்தான் விடுகிறது. உயிர்வளி குறையக் குறைய எரிபொருள் முழுமையாக எரியாது. அப்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் ஹீமோகுளோபின், உயிர்வளியைவிட இந்த நச்சு வாயுவை 200 மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், தூக்கம் என்று தொடங்கும். தூங்குகிறவருக்குத் தாம் மயங்குவது தெரியாது.

இன்னொன்றும் உண்டு. 1 கிலோ புரோப்பேன் எரிந்தால் ஏறக்குறைய 1.6 கிலோ நீராவி வெளிவருகிறது. அன்று காலை ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீர் வழிந்தது ஏன் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

சூடேற்றியின் அமைப்பு வேறு. அதற்குள் இரண்டு காற்றுப் பாதைகள் உண்டு. ஒன்று எரிவதற்கான காற்று. அது வெளியிலிருந்து வந்து, எரிந்து, மீண்டும் வெளியே போய்விடுகிறது. மற்றொன்று அறைக் காற்று. இரண்டுக்கும் நடுவில் ஓர் உலோகச் சுவர். அதற்கு வெப்ப மாற்றி என்று பெயர். சுவரின் ஒரு பக்கம் நெருப்பு, மறுபக்கம் நாம் சுவாசிக்கும் காற்று. சூடு மட்டும் சுவரைத் தாண்டி வரும், புகை வராது. ஆகவே, சூடேற்றி சரியாக வேலை செய்தால் யாரும் அடுப்பைப் பற்றவைக்கத் தேவையே இல்லை. சூடேற்றியைச் சரிசெய்வது சொகுசுக்காக அல்ல, பாதுகாப்புக்காக என்று அன்றே முடிவு செய்தேன்.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்கு மாமா தொலைபேசியில் பேசினார். பழைய சூடேற்றி என்றால் மாற்றுவதே நல்லது, கூலியோடு 1,500 டாலருக்கு மேல் ஆகும் என்றார்கள். மாமா சோர்ந்துவிட்டார். டிரெய்லரையே விற்றுவிடலாம் என்றார். "மாமா, ஒரு வாரம் குடுங்க. நான் பாக்கறேன்" என்றேன்.

காற்றுதான் பேருந்து

சூடேற்றியின் பெயர்த்தகட்டில் 30,000 பி.டி.யு. என்று இருந்தது. அதாவது ஒரு மணி நேரத்தில் அது எரிக்கும் எரிவாயுவின் வெப்ப அளவு. வாட்டில் சொன்னால் ஏறக்குறைய 8,800. இதில் முக்கால் பங்கு அறைக்குக் கிடைத்தாலும் 6,600 வாட். நம் வீட்டுத் தண்ணீர் கொதிக்கவைக்கும் மின்கெண்டி 2,000 வாட் என்று வைத்துக்கொண்டால், மூன்று கெண்டிகள் இடைவிடாமல் கொதிப்பதற்குச் சமம். 24 அடி வண்டிக்கு இது தாராளம். ஆகவே சூடு போதவில்லை என்பது காரணமாக இருக்க முடியாது. பாட்டி கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. எரிகிற சூடு எங்கே போகிறது?

மாமாவுக்கு விளக்கப் பார்த்தேன். 'ஏர்ஃப்ளோ', 'லிமிட் சுவிட்ச்', 'ஹீட் டிரான்ஸ்ஃபர்' என்று அடுக்கினேன். மாமா தலையை ஆட்டினார். புரியாதவர்கள் ஆட்டுவதுபோல் ஆட்டினார். நான்கு ஆண்டுகள் ஆங்கிலத்தில் படித்ததை ஒரு மாமாவுக்குச் சொல்லத் தெரியவில்லையே என்று எனக்கே கோபம் வந்தது. பிறகு வேறு வழியில் தொடங்கினேன்.

"மாமா, தீபாவளிக்கு முதல் நாள் புடுராயா எப்படி இருக்கும்?"

"அத ஏன் கேக்கற. நிக்க இடம் இருக்காது."

"அந்த ஜனங்கதான் சூடு. பஸ்ஸுதான் காத்து. சூடு தானா நடந்து போகாது, காத்து ஏத்திக்கிட்டுப் போகணும். இப்ப ஈப்போவுக்குப் போன பஸ்ஸு திரும்பி வரலேன்னா?"

"அடுத்த டிரிப் எப்படி எடுக்கறது? ஜனங்க ஸ்டேஷன்லேயே நெரிஞ்சு சாவாங்க."

"அதான் மாமா இங்கேயும் நடக்குது."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு டிரெய்லரைப் பார்த்தார். "அப்படின்னா பஸ்ஸு எங்கே நிக்குதுன்னு பாக்கணும்" என்றார். அதற்குமேல் எனக்கு விளக்கும் வேலை இருக்கவில்லை.

சூடேற்றி வேலை செய்யும் முறை இதுதான். அறை குளிர்ந்ததும் சுவரிலுள்ள தெர்மோஸ்டாட் ஆணையிடும். முதலில் விசிறி ஓடும். அந்தக் காற்று ஒரு சிறு தகட்டைத் தள்ளும். தகடு தள்ளப்பட்டால்தான் எரிவாயு திறக்கும், பொறி பறக்கும், நெருப்பு பிடிக்கும். காற்று வலுவில்லை என்றால் நெருப்பே கிடையாது. அதன் பிறகு விசிறி அறைக் காற்றை இழுத்து, வெப்ப மாற்றியின்மேல் ஓட்டி, குழாய்கள் வழியாகத் தரையிலுள்ள காற்று வாய்களுக்கு அனுப்பும். அறையைச் சுற்றிவந்த காற்று, சூடேற்றியின் முன்னாலுள்ள சல்லடைக் கதவு வழியாகத் திரும்ப உள்ளே போகும். இதைத் திரும்பு வாய் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு தோராயக் கணக்கு. 1 கன மீட்டர் காற்றை 1 பாகை சூடாக்க ஏறக்குறைய 1.2 கிலோஜூல் வேண்டும். 6,600 வாட் வெப்பத்தை, காற்றை 60 பாகை மட்டும் உயர்த்தி எடுத்துச்செல்ல வேண்டுமானால், ஒரு நொடிக்குச் சுமார் 90 லிட்டர் காற்று ஓட வேண்டும். காற்று பாதியானால், அதே வெப்பத்திற்கு 120 பாகை உயர வேண்டும். அப்படி நடந்தால் உலோகம் கெட்டுவிடும். அதனால் லிமிட் சுவிட்ச் என்னும் காவல்காரன் குறுக்கிட்டு எரிவாயுவை நிறுத்திவிடுகிறான். உள்ளே ஆறிய பிறகுதான் மறுபடி விடுகிறான்.

எங்கள் சூடேற்றி அதைத்தான் செய்தது. கைக்கடிகாரத்தை வைத்துக்கொண்டு கேட்டேன். இரண்டு நிமிடம் எரிந்தது. பிறகு நெருப்பு அணைந்து விசிறி மட்டும் மூன்று நிமிடம் ஓடியது. பிறகு மீண்டும் எரிந்தது. அறையோ இன்னும் குளிராகவே இருந்தது. அதாவது, ஐந்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்தான் அடுப்பு எரிகிறது. பாதிக்கும் குறைவு!

குறைகளைத் தேடி

வீட்டு வாசலில் டிரெய்லரை நிறுத்திவைத்துச் சோதனையைத் தொடங்கினோம். கருவிகள் மூன்று: மெல்லிய திசுத்தாள், அத்தையின் சமையல் வெப்பநிலைமானி, இரவல் வாங்கிய மல்டிமீட்டர். ஒவ்வொரு காற்று வாயிலும் திசுத்தாளைப் பிடித்துப் பார்த்தோம். சூடேற்றியின் பக்கத்திலிருந்த சமையலிட வாயில் தாள் படபடவென்று அடித்தது. அங்கே காற்றின் சூடு 68 பாகை. பாட்டியின் அறை வாயில் தாள் அசையவே யோசித்தது. அங்கே 24 பாகைதான்.

முதல் குறை, மூடிய வாய்கள். நான்கு வாய்களில் பின்பக்கத்து இரண்டையும் மாமா மூடியிருந்தார். அங்கே மூடினால் காற்றெல்லாம் முன்னறைக்குப் போகும் என்று நினைத்திருக்கிறார். பலரும் இப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் வாய்களை மூடினால் மொத்தக் காற்றும் குறைகிறது. மொத்தம் குறைந்தால் காவல்காரன் வந்துவிடுவான். சூடேற்றியைச் செய்பவர்கள், குறைந்தது இவ்வளவு குழாய்ப் பரப்பு திறந்திருக்க வேண்டும் என்று கையேட்டிலேயே குறிப்பிடுகிறார்கள். எல்லா வாய்களையும் திறந்தோம்.

இரண்டாவது குறை, திரும்பு வாய். இதைச் சொன்னால் பாட்டி இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டார். சூடேற்றியின் சல்லடைக் கதவுக்கு முன்னால் ஓர் அரிசி மூட்டையும் பாட்டியின் பெட்டியும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. காலியான இடம் என்று நாங்கள்தான் வைத்தோம். பேருந்து திரும்பி வரும் வாசலில் அரிசி மூட்டை! மூட்டையை எடுத்துவிட்டுச் சல்லடையைப் பார்த்தால், அதில் முந்தைய உரிமையாளர் வளர்த்த நாயின் முடியும் தூசியும் பஞ்சு மெத்தைபோல் படிந்திருந்தன. துடைத்து எடுத்தோம். இதைச் செய்ததும் நெருப்பு இரண்டு நிமிடத்திலிருந்து ஆறு நிமிடம் தொடர்ந்து எரிந்தது. செலவு ஒரு காசு இல்லை.

"அரிசி மூட்டையாடி குளிருக்குக் காரணம்?" என்று பாட்டி கேட்டார். "மூட்டை இல்ல பாட்டி, வச்ச இடம்" என்றேன்.

மூன்றாவது குறை, குழாய்கள். சூடேற்றியிலிருந்து 4 அங்குல விட்டமுள்ள, வளையக்கூடிய அலுமினியக் குழாய்கள் அலமாரிகளுக்கு அடியில் ஓடின. கட்டிலின் அடிப்பலகையைக் கழற்றி விளக்கு அடித்துப் பார்த்தோம். முன்னறைக் குழாய் தேவைக்கு ஒரு மீட்டர் அதிகமாக இருந்தது. அந்த நீளம் பாம்புபோல் சுருண்டு கிடந்தது. அதன்மேல் மாமாவின் கருவிப்பெட்டி உட்கார்ந்திருந்தது. குழாய் சப்பையாகிவிட்டது. 4 அங்குலக் குழாயின் வெட்டுப்பரப்பு ஏறக்குறைய 12.6 சதுர அங்குலம். விட்டம் பாதியானால் பரப்பு பாதியாவதில்லை, கால் பங்காகிவிடுகிறது. ஒவ்வொரு வளைவும், ஒவ்வொரு சுருக்கமும் காற்றுக்கு மேலும் தடை.

அதைவிட மோசம், சூடேற்றியோடு அந்தக் குழாய் சேரும் இடத்தில் ஒட்டியிருந்த துணிநாடா காய்ந்து உதிர்ந்துவிட்டது. குழாய் பாதி கழன்று நின்றது. சமையலிடத் தொட்டிக்கு அடியிலிருந்த அலமாரிதான் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்த மாமா, "பாத்திரங்க மட்டும் சொகமா தூங்கியிருக்குங்க" என்றார். பாட்டியின் கேள்விக்கு அன்றுதான் முழுப் பதில் கிடைத்தது.

புதுக் குழாய் வாங்கி, தேவையான அளவுக்கு வெட்டி, இழுத்து நேராகப் போட்டோம். இணைப்பை உலோகப் பட்டியால் இறுக்கி, அதன்மேல் அலுமினியத் தாள் நாடாவை ஒட்டினோம். துணிநாடா சூட்டில் காய்ந்துவிடும். அலுமினிய நாடா தாங்கும். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சில டிரெய்லர்களில் தரைக்கடியிலுள்ள நீர்த்தொட்டி உறையாமலிருக்க, வேண்டுமென்றே ஒரு சிறு குழாயை அங்கே விட்டிருப்பார்கள். கசிவு என்று நினைத்து அதை அடைத்துவிடக் கூடாது.

நான்காவது குறை, மின்சாரம். விசிறி ஓடுவது 12 வோல்ட் மின்கலத்தில். விசிறி ஓடும்போது மின்கலத்தின் முனையில் 12.4 வோல்ட் இருந்தது. சூடேற்றியின் முனையில் அளந்தால் 10.8 தான். நடுவில் 1.6 வோல்ட் எங்கே போனது? கம்பியைப் பின்தொடர்ந்து போனோம். வண்டிச் சட்டத்தோடு இணையும் திருகாணி துருப்பிடித்திருந்தது. மின்கலத்தைத் துண்டித்துவிட்டு, துருவை மணல்தாளால் தேய்த்து, புது முனை போட்டு முறுக்கினோம். மறுபடி அளந்தபோது 12.1 வோல்ட் வந்தது. விசிறியின் சத்தமே மாறிவிட்டது. இந்தச் சூடேற்றியில் ஒரே மோட்டார்தான் எரியும் காற்றையும் அறைக் காற்றையும் தள்ளுகிறது. மோட்டார் தளர்ந்தால் இரண்டும் தளரும். மேலும், தகடு சரியாகத் தள்ளப்படாததால் சில இரவுகளில் நெருப்பே பிடிக்காமல் போனதற்கும் இதுவே காரணம்.

மின்கலத்தின் அளவையும் கணக்கிட்டோம். விசிறி ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கிறது. 8 மணி நேர இரவில் பாதி நேரம் ஓடினால் 28 ஆம்பியர்-மணி. மாமாவின் மின்கலம் 80. சாதாரண ஈய-அமில மின்கலத்தைப் பாதிக்குமேல் வடியவிட்டால் அதன் ஆயுள் குறையும். ஆக, ஓர் இரவுக்குப் போதும். இரண்டாம் இரவுக்கு முன் மின்னேற்ற வேண்டும்.

எங்கள் கை போகாத இடம் ஒன்று உண்டு. எரிவாயு. அதை நாங்கள் தொடவே இல்லை. உரிமம் பெற்ற வல்லுநர் ஒருவரை அழைத்தோம். அவர் எரிவாயு அழுத்தத்தை அளந்தார். 11 அங்குல நீர் அழுத்தம், சரியாகவே இருந்தது. வெப்ப மாற்றியில் வெடிப்பு உண்டா என்று பார்த்தார். அந்தச் சுவரில் வெடிப்பு இருந்தால் புகை அறைக்குள் வந்துவிடும். அப்படி இருந்திருந்தால் சூடேற்றியை மாற்றத்தான் வேண்டும், அதில் சிக்கனம் பார்க்க முடியாது. வெடிப்பு இல்லை. விசிறியையும் தகட்டையும் அவரே சுத்தம் செய்து கொடுத்தார். அவருடைய கூலியையும் எங்கள் சில்லறைச் செலவையும் சேர்த்தால் 250 டாலரைத் தாண்டவில்லை.

கடைசியாக எச்சரிக்கைக் கருவி. அதற்கும் காலாவதித் தேதி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. எங்களுடையது முடியும் தறுவாயில் இருந்தது. மாமா தாமே போய்ப் புதியது வாங்கி வந்து மாட்டினார். பழையதைக் குப்பையில் போட மனமில்லாமல் வண்டிக்கொட்டகையில் ஓர் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறார்.

மறுபடியும் பான்ஃப்

அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை கனடாவில் நன்றி நவிலும் நாள். அந்த நீண்ட வார இறுதியில் மீண்டும் போனோம். இம்முறை அத்தையும் வந்தார். இரவு வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 7. சூடேற்றியை முடுக்கிவிட்டு நான் கடிகாரத்தோடு உட்கார்ந்தேன். நெருப்பு நடுவில் அணையவே இல்லை. தெர்மோஸ்டாட் போதும் என்று சொன்ன பிறகுதான் நின்றது. சமையலிடத்துக் காற்று 68-இலிருந்து 55 பாகைக்கு இறங்கியிருந்தது. முன்னறைக் காற்று 24-இலிருந்து 46-க்கு ஏறியிருந்தது. சூடேற்றி அதே பழைய சூடேற்றிதான். சூடு சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது, அவ்வளவுதான்.

பாட்டியின் அறையில் 20 பாகை. பத்து மணிக்கு அவர் போர்வையை உதறிவிட்டு எழுந்தார்.

"ஏண்டா, மூச்சு முட்டுது. கொஞ்சம் கொறச்சு வை."

மாமா சிரித்துக்கொண்டே தெர்மோஸ்டாட்டைக் குறைத்தார். அடுப்பின் பக்கம் யாரும் போகவில்லை.

நமக்கு இதில் என்ன?

நம் நாட்டில் சூடேற்றி இல்லை. ஆனால் நிறுத்திய காரில் குளிரூட்டிக்காக இயந்திரத்தை ஓடவிட்டுத் தூங்கி, மீண்டும் எழாதவர்களைப் பற்றிய செய்திகளை நாமும் படித்திருக்கிறோம். அந்த நச்சு வாயுதான் இதுவும். நீண்ட பயணத்தில் தூக்கம் வந்தால் இயந்திரத்தை நிறுத்துங்கள், கண்ணாடியை இறக்குங்கள், அல்லது ஓய்விடத்தின் பெஞ்சில் படுங்கள். வியர்த்தால் பரவாயில்லை. முகாமில் கூடாரத்துக்குள் அடுப்போ கரியோ வேண்டாம்.

விடுதி நண்பர்களுக்கு ஒன்று. அறையில் குளிரூட்டி குளிர்ச்சி தரவில்லை என்று அலுவலகத்தில் புகார் எழுதுமுன், அதன் மேல்மூடியைத் திறந்து வடிகட்டியைப் பாருங்கள். முன்னால் துணி காயப்போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குளிர்ச்சியானாலும் சூடானாலும் காற்றில் ஏறித்தான் வர வேண்டும். நாடு திரும்பியதும் என் தோழியின் அறையில் நான் முதலில் செய்த வேலை இதுதான். வடிகட்டியில் வந்த தூசியைப் பார்த்து அவள் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

கழக நண்பர்களுக்கு இன்னொன்று. வெப்பநிலைமானி, வெப்பம், உயிர்வளி ஆகிய சொற்களைத் தமிழ்ப்பள்ளியில்தான் முதலில் படித்தேன். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு அவற்றைப் பயன்படுத்தவே இல்லை. மலாயில் படித்தேன், பிறகு ஆங்கிலத்தில் படித்தேன். தேர்வுக்கு அது போதும். மாமாவிடம் அது போதவில்லை. அவருக்குப் புரிந்திராவிட்டால் அவர் அந்த இரண்டு வாய்களையும் மறுபடி மூடியிருப்பார். குளிர் அதிகமான ஓர் இரவில் அடுப்பையும் பற்றவைத்திருப்பார், நான் மலேசியாவில் இருந்திருப்பேன். நீங்கள் மருத்துவமோ, சட்டமோ, கணக்கியலோ எது படித்தாலும் சரி, அதில் ஒரு செய்தியையாவது உங்கள் வீட்டுப் பெரியவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். எங்கே தடுமாறுகிறீர்கள் என்று தெரியும். எனக்கு அது புடுராயாவில்தான் தெரிந்தது.

போன மாதம் மாமா தொலைபேசியில் அழைத்தார். பக்கத்து வீட்டுக்காரரின் டிரெய்லரிலும் சூடு வரவில்லையாம். மாமா திசுத்தாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். "பஸ்ஸு திரும்புற வாசல்ல நாய்க்குட்டி கூண்ட வச்சிருக்காங்கம்மா" என்றார். குரலில் அப்படியொரு பெருமை.